‘கார் விலை ஏறலைங்க... பில்லுதான் ஏறியிருக்கு!’ - கொட்டேஷனுக்குள் ஒளிஞ்சிருக்கும் தட்டுப்பாட்டுக் கணக்கு

மாகறல்தான் எங்க ஊர். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, செய்யாற்றங்கரையில் இருக்கு. சம்பந்தர் பாடின திருமாகறலீஸ்வரர் கோயில் ஊருன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குச் சட்டுனு புரியும். எங்க பக்கம் யார் புது வண்டி எடுத்தாலும் முதல் பயணம் கோயில் வாசலுக்குத்தான். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மாலை, நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். அப்புறம்தான் பெட்ரோல் பங்க்.

2022 டிசம்பர்ல, மார்கழி பிறக்க ரெண்டு நாள் இருக்கறப்போ, எங்க மாமாவோட வண்டி அந்த வாசல்ல வந்து நின்னுச்சு. ஏழு பேர் உட்கார்ற டீசல் எஸ்யூவி. கற்பூரம் எரியறப்போ எல்லார் முகத்துலயும் சிரிப்பு. மாமா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு, சட்டைப் பையிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்துட்டு இருந்தார். ஷோரூம் கொடுத்த கொட்டேஷன்.

“டேய் மாப்ள, வண்டி விலை 15 லட்சம்னுதானே சொன்னாங்க? நான் எவ்ளோ கட்டியிருக்கேன் பாரு.”

கட்டினது 19 லட்சத்துக்குச் சொச்சம். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தா கூடத்தான் வரும், அது அவருக்கும் தெரியும். அவருக்கு உறுத்தினது வேற. அந்தப் பேப்பர்ல இருந்த நாலு வரிகள்.

டிக்கெட் விலை அதேதான், பாப்கார்ன் கட்டாயம்

கதையைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டறேன். மாமாவுக்குப் பட்டு வியாபாரம். தறிக்காரங்ககிட்ட புடவை எடுத்து வெளியூர்க் கடைகளுக்குக் கொடுக்கறவர். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க ஊர் ஊராப் போகணும், கல்யாணத்துக்கு அப்புறம் வியாபாரத்துக்கும் ஆகும்னு 2022 ஆனி மாசம் புக் பண்ணினார். ‘இந்த வேரியன்ட்டுக்கு வெயிட்டிங் 13 மாசம் சார்’னு சொன்னாங்க. அதாவது கல்யாணம் முடிஞ்சு, தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைக்கப் போறப்போ வண்டி வரும்.

ரெண்டு மாசம் கழிச்சு ஷோரூம்லேர்ந்து போன். ‘சார், ஒரு கஸ்டமர் கேன்சல் பண்ணிட்டாரு. கார்த்திகைக்குள்ள உங்களுக்கு அலாட் பண்ணிடலாம். ஆனா அது ஃபுல் பேக்கேஜோட வர்ற வண்டி.’

பேக்கேஜ்ல என்ன? சீட் கவர், மேட், மட் ஃப்ளாப், ஏதோ ஒரு கோட்டிங் எல்லாம் சேர்ந்த ‘எசென்ஷியல் கிட்’ 45,000 ரூபாய். எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி 25,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 12,000. இன்ஷூரன்ஸ் அவங்ககிட்டயே எடுக்கணும், 78,000. அதே கவரேஜுக்கு வெளியே நான் விசாரிச்சப்போ 52,000 சொன்னாங்க. வித்தியாசம் 26,000. நாலையும் கூட்டினா 1,08,000 ரூபாய்.

யாரும் ‘ஒரு லட்சம் கூடக் கொடு’ன்னு கேட்கலை. வண்டி விலையும் ஒரு ரூபாய் ஏறலை. கம்பெனி வெப்சைட்ல என்ன போட்டிருந்ததோ அதேதான் பில்லுல இருந்துச்சு. ஆனா வரிசையில ஏழெட்டு மாசம் முன்னாடி நிக்கறதுக்கான விலை, சீட் கவர்ங்கற பேருல உள்ள வந்துடுச்சு.

பெரிய ஹீரோ படம் ரிலீஸ் அன்னைக்கு நம்ம ஊர் தியேட்டர்ல நடக்கறது ஞாபகம் வருதா? டிக்கெட் விலைக்கு வரம்பு இருக்கு. அதனால டிக்கெட் அதே விலைதான், ஆனா ‘பாப்கார்ன் காம்போ எடுத்தாதான் சீட்’. அதே டெக்னிக்தான். இங்க பாப்கார்னுக்குப் பதிலா மட் ஃப்ளாப்.

ஷோரூம் பேர் வேண்டாம். இந்தக் கதையை நண்பர்கள்கிட்ட சொன்னப்போ, ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு பேக்கேஜ் சொன்னாங்க. ஒரு கடையோட பிரச்னைன்னா பேர் போட்டு முடிச்சிடலாம்.

57 நிமிஷத்துல 25,000 கார்

தட்டுப்பாடு நிஜம். அதுல பொய் இல்லை. 2020 லாக்டவுன்ல கார் கம்பெனிகள் ‘இனி யார் வாங்கப் போறா’ன்னு சிப் ஆர்டரை எல்லாம் கேன்சல் பண்ணினாங்க. அதே நேரம் நாம எல்லாரும் வீட்டுல உட்கார்ந்து லேப்டாப்பும் போனும் வாங்கித் தள்ளினோம். சிப் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. கார் விற்பனை திரும்ப எழுந்தப்போ வரிசையில கடைசி ஆள் கார் கம்பெனிதான். போதாக்குறைக்கு 2021 மார்ச்ல ஜப்பான்ல ரெனசாஸ் கம்பெனியோட சிப் தொழிற்சாலையில தீ விபத்து, அந்த வருஷ மத்தியில மலேசியாவுல லாக்டவுன். 2021 செப்டம்பர்ல வழக்கமான உற்பத்தியில 40 சதவிகிதம்தான் பண்ண முடியும்னு மாருதியே அறிவிச்சது.

வண்டி இல்லாத அந்த நேரத்துலதான் வாங்கற ஆசை உச்சத்துல இருந்துச்சு. 2021 அக்டோபர் 7 அன்னைக்கு மஹிந்திரா எக்ஸ்யூவி700 புக்கிங் திறந்தப்போ 57 நிமிஷத்துல 25,000 புக்கிங். 2022 ஜூலை 30 அன்னைக்கு ஸ்கார்ப்பியோ-என் ஒரே நிமிஷத்துல 25,000, அரை மணி நேரத்துல ஒரு லட்சம். ஃப்ளாஷ் சேல்ல போன் வாங்கற மாதிரி 15 லட்ச ரூபாய் காரை வாங்கினோம்.

இதுல எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு தனி வயித்தெரிச்சல் உண்டு. கார் தொழிலே எங்க பக்கம்தான் இருக்கு. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில, ரெனோ-நிஸான் ஒரகடத்துல. மஹிந்திராவோட ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில. அவங்க டெஸ்ட் டிராக் செய்யாறு பக்கம். 2021ல எக்ஸ்யூவி700ஐ அந்த டிராக்லதான் 24 மணி நேரம் நிறுத்தாம மாத்தி மாத்தி ஓட்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல போய் ரெக்கார்டு வச்சாங்க. டிராக் பக்கத்துல, வண்டி தூரத்துல.

காத்திருக்கறதுக்கும் காசு உண்டு, அதை நிறைய பேர் கணக்குல எடுக்கறதில்லை. புக் பண்ணின அன்னைக்கு இருந்த விலை பெரும்பாலும் உங்களுக்குக் கிடையாது, டெலிவரி அன்னைக்கு என்ன விலையோ அதான். எக்ஸ்யூவி700ல முதல் 25,000 பேருக்கு அறிமுக விலை. ஒரு மணி நேரம் லேட்டா வந்தவங்களுக்கு ஆரம்ப வேரியன்ட்லயே 50,000 ரூபாய் கூட. வரியும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல விலை உள்ள காருக்கு ஆயுள் வரி 15 சதவிகிதமா இருந்துச்சு. 2023 நவம்பர்ல அதை 10 லிருந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20 சதவிகிதம்னு ஏத்தினாங்க. 15 லட்ச ரூபாய் வண்டியை 2022ல புக் பண்ணிட்டு, வரி ஏறின பிறகு எடுத்தவருக்கு அதுல மட்டும் 45,000 ரூபாய் கூடுதல். அவர் பண்ணின தப்பு? பொறுமையா காத்திருந்தது.

அதனாலதான் ‘பேக்கேஜ் எடுத்தா சீக்கிரம்’னு ஒரு குரல் கேட்டா நாம மயங்கறோம். ஒரு லட்சம் கொடுத்தா தலைவலி தீருமேன்னு தோணும். மாமாவுக்கும் தோணுச்சு. கல்யாணப் பொண்ணோட அப்பாகிட்ட ‘கொள்கையா இருங்க மாமா’ன்னு சொல்ற தைரியம் எனக்கும் வரலை.

தாத்தா காலத்து பிரீமியம்

நமக்கு இது புதுசும் இல்லை. வீட்டுப் பெரியவங்ககிட்ட பஜாஜ் சேட்டக் பத்திக் கேளுங்க. லைசென்ஸ் ராஜ் காலத்துல ஒரு ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம்கூட காத்திருந்திருக்காங்க. பொண்ணு பொறந்ததும் மாப்பிள்ளைக்குன்னு ஸ்கூட்டர் புக் பண்ணுவாங்கன்னு ஜோக்கே உண்டு. 1959ல கார்களுக்கு, 1960ல ஸ்கூட்டர்களுக்குன்னு விநியோகம், விற்பனையைக் கட்டுப்படுத்த அரசு தனித்தனியா ஆணை போட்டுச்சு. விலை அரசு கையில இருந்துச்சு. ஆனா அலாட்மென்ட் லெட்டர் கையில வெச்சிருந்தவர் அதை பிரீமியத்துக்குக் கை மாத்தினார். வெளிநாட்டுல சொந்தக்காரர் இருந்து டாலர்ல பணம் கட்டினா சீக்கிரம் வண்டி கிடைக்கும்ங்கற வழியும் இருந்துச்சு. விலையைப் பூட்டி வச்சா, மிச்சக் காசு கதவுக்குக் கீழ வழியா வெளிய வந்துடும்.

பூட்டே போடலைன்னா என்ன ஆகும்னு பார்க்க அமெரிக்கா போகணும். அங்க கம்பெனி போடற விலை வெறும் ‘பரிந்துரை’தான். டீலர் இஷ்டத்துக்கு மேல வைக்கலாம். சிப் தட்டுப்பாட்டுல ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’னு தனியா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டி, சில வண்டிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கூட வாங்கினாங்க. 2022 ஜனவரியில அங்க புது கார் வாங்கினவங்கள்ல 82 சதவிகிதம் பேர் பரிந்துரை விலைக்கு மேல கொடுத்தாங்கன்னு எட்மண்ட்ஸ் நிறுவனம் கணக்குச் சொன்னது. ஒரு வருஷம் முன்னாடி அது 3 சதவிகிதம்கூட இல்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ‘இப்படியே பண்ணினா உங்களுக்கு வண்டி அனுப்ப மாட்டோம்’னு டீலர்களை மிரட்ட வேண்டியதாச்சு.

இலங்கையில இன்னொரு மாதிரி. அந்நியச் செலாவணி கையைக் கடிச்சதால 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷம் புது வண்டியே இல்லாததால, ஓட்டித் தேய்ஞ்ச சின்ன காரைக்கூட வாங்கின விலையைவிடக் கூடுதலா வித்தாங்க. யாழ்ப்பாணத்துல ஒரு நண்பர் சொன்னார், ‘எங்கட வீட்டில வயசு போகப் போகப் பெறுமதி கூடினது அந்தக் கார் ஒண்டுதான்.’

அமெரிக்காக்காரனுக்கு ஏமாத்தற விலை கண்ணாடியிலயே ஒட்டியிருக்கும். கோபப்படலாம், பேரம் பேசலாம், அடுத்த கடைக்குப் போகலாம். அங்க 1958லயே ஒரு சட்டம் இருக்கு, புது கார் ஒவ்வொண்ணோட கண்ணாடியிலயும் கம்பெனி விலை, கூடுதல் வசதிகளோட விலை, கொண்டுவந்த போக்குவரத்துச் செலவு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்ட ஸ்டிக்கர் இருக்கணும். அதைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனி பேர்லயே அந்த ஸ்டிக்கரைக் கூப்பிடறாங்க.

நம்ம ஊர்ல அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு எம்ஆர்பி இருக்கு. 15 லட்ச ரூபாய் காருக்கு அப்படி ஒரு ஸ்டிக்கர் கிடையாது. ‘எக்ஸ்-ஷோரூம்’, ‘ஆன்-ரோடு’ன்னு ரெண்டு வார்த்தை இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மூணு, நாலு லட்சத்துலதான் எல்லா வித்தையும் நடக்குது.

அந்த நடுவுல என்னதான் இருக்கு?

மாமா பேப்பரை வச்சே பார்த்துடலாம்.

ஆயுள் வரி, 2,25,000. இது அரசுக்குப் போறது, பேரம் கிடையாது. டிசிஎஸ் 15,000. பத்து லட்சத்துக்கு மேல வண்டி எடுத்தா 1 சதவிகிதம் பிடிப்பாங்க. இதை நிறைய பேர் ‘ஏதோ ஒரு வரி’ன்னு விட்டுடறாங்க. இது உங்க பேர்ல, உங்க பான் நம்பர்ல வரவு வைக்கற காசு. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், கட்ட வேண்டிய வரி இல்லைன்னா ரீஃபண்டா வரும். மாமாவுக்கு அந்த 15,000 திரும்ப வந்தப்போதான் முதல் தடவையா அந்தப் பேப்பரைப் பார்த்துச் சிரிச்சார். ஷோரூம்ல இதை ஒருத்தர்கூட அவர்கிட்ட சொல்லலை.

ரிஜிஸ்ட்ரேஷன். காருக்கு மத்திய அரசு நிர்ணயிச்ச பதிவுக் கட்டணம் 600 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200. லோன்ல எடுத்தா கடன் விவரம் பதிய 1,500. உங்க கொட்டேஷன்ல ‘ஆர்.டி.ஓ செலவு’ன்னு ஒரு பெரிய தொகை இருந்தா, வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மீதி எதுக்குன்னு கேளுங்க. எல்லாம் ஆன்லைன்ல கட்டறதுதான், ரசீது இருக்கும்.

இன்ஷூரன்ஸ். புது காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 2018 செப்டம்பர்லேர்ந்து கட்டாயம். அதோட பிரீமியத்தை அரசு நிர்ணயிக்குது, எந்த கம்பெனியில எடுத்தாலும் ஒரே தொகைதான். அப்போ ஷோரூமுக்கும் வெளியேயும் 26,000 வித்தியாசம் எங்கேர்ந்து வருது? நம்ம வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதியிலேர்ந்தும், மேல சேர்க்கற ஆட்-ஆன்கள்லேர்ந்தும்தான். ஒப்பிடும்போது வண்டி மதிப்பு, அதாவது ஐடிவி, ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஐடிவியைக் குறைச்சும் பிரீமியத்தைக் குறைச்சுக் காட்டலாம், அதுல மாட்டிக்காதீங்க. டீலர்கிட்டதான் பாலிசி எடுக்கணும்னு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2017லயே விதி போட்டிருக்கு.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ். பேர் மாறும், ஆள் ஒண்ணுதான். குடோன்லேர்ந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவர்ற செலவுன்னு சொல்வாங்க. ‘எக்ஸ்-ஷோரூம்’ங்கற வார்த்தைக்கே ஷோரூம்ல வச்சு வர்ற விலைன்னுதானே அர்த்தம்? அங்க வர்றதுக்குத் தனியா எதுக்குக் காசு? இதுக்கு எந்த ஷோரூம்லயும் எனக்கு நேரான பதில் கிடைக்கலை. பல ஊர்கள்ல நுகர்வோர் ஆணையங்கள் இந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி டீலர்களுக்கு உத்தரவு போட்டிருக்காங்க.

கடைசியா அந்த எசென்ஷியல் கிட். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, ஒரு பொருளை விக்கறதுக்கு முன்நிபந்தனையா இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கச் சொல்றது ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ன்னு தெளிவா இருக்கு. அதாவது ‘மேட் எடுத்தாதான் கார்’னு சொல்றது சும்மா மனக்கசப்பு இல்லை, புகார் பண்ணக்கூடிய விஷயம். 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம். மாவட்ட ஆணையத்துல வழக்குப் போட, 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான்.

சிக்கல் எங்கன்னா, பேக்கேஜ் பேச்சு எப்பவும் போன்ல, வாய் வார்த்தையிலதான் இருக்கும். பேப்பர்ல ‘வாடிக்கையாளர் விருப்பப்படி’ன்னு இருக்கும், கீழே நம்ம கையெழுத்தும் இருக்கும். ‘பேக்கேஜ் இல்லாம எப்போ டெலிவரி, பேக்கேஜோட எப்போ டெலிவரி, ரெண்டையும் மெயில்ல அனுப்புங்க’ன்னு ஒரு வரி மெசேஜ் போட்டுப் பாருங்க. பாதி இடத்துல பேக்கேஜ் அந்த நிமிஷமே ‘ஆப்ஷனல்’ ஆயிடும். என் நண்பன் ஒருத்தனுக்கு ஆச்சு. மாமா விஷயத்துல எனக்கு இந்த யோசனை வர்றப்போ அவர் செக் கொடுத்து நாலு மாசம் ஆயிருந்துச்சு.

டீலர் மட்டும்தான் வில்லனா?

மாமா இதுல என்னைவிட நியாயமா பேசுவார். அவரும் கடைக்காரர்தானே. “ஸ்டாக் இருக்கறப்போ அவன் எவ்வளவு வட்டி கட்டியிருப்பான்னு உனக்குத் தெரியுமா?”ம்பார்.

உண்மைதான். புது கார் விக்கறதுல டீலருக்கு நிக்கறது ஒற்றை இலக்க சதவிகிதம். கம்பெனி அனுப்பற வண்டிக்கு பேங்க்ல கடன் வாங்கி முன்னாடியே காசு கட்டணும். 2024 அக்டோபர் வாக்குல டீலர்கள்கிட்ட விக்காம நின்ன கார்களோட மதிப்பு 79,000 கோடி ரூபாய், 80 நாளுக்கு மேல ஸ்டாக் தேங்கி நிக்குதுன்னு டீலர்கள் சங்கமான ஃபாடா சொல்லிச்சு. அப்போ இதே ஷோரூம்கள் சீட் கவர் இலவசம், இன்ஷூரன்ஸ் இலவசம்னு கூவிட்டு இருந்தாங்க. நாம யாரும் ‘பாவம், முழுக் காசு வாங்கிக்கோங்க’ன்னு சொல்லலை.

கம்பெனிகளும் சுத்தம் இல்லை. டீலர் தன் காசுல கூடுதல் தள்ளுபடி கொடுக்கறதைத் தடுத்ததுக்காக, வாடிக்கையாளர் மாதிரி ஆளை அனுப்பி வேவு பார்த்ததுக்காக, மாருதிக்கு 2021 ஆகஸ்ட்ல 200 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு போட்டி ஆணையம். மாருதி மேல்முறையீட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிச்சு. ஹூண்டாய்க்கு 2017ல போட்ட 87 கோடி ரூபாய் அபராதம் மேல்முறையீட்டுல ரத்தாச்சு. வழக்கு எப்படிப் போனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. டீலர் ரெண்டாயிரம் ரூபாய் குறைச்சு வித்தா கண்டுபிடிக்க ஆள் அனுப்ப முடியற தொழில்ல, ஒரு லட்சம் ஏத்தி வித்தா மட்டும் கம்பெனிக்கு ஏன் கண்ணு தெரியலை? அதுல கம்பெனிக்கு நஷ்டம் இல்லை, அதான்.

இப்போ எதுக்கு இந்தப் பழைய கதை?

பழசு ஆகலைங்கறதுதான் விஷயம். 2025 செப்டம்பர் 22 அன்னைக்கு ஜிஎஸ்டி குறைஞ்சது. சின்ன கார்களுக்கு 28 சதவிகிதம் வரியும் செஸ்ஸும் போய் 18 ஆச்சு, பெரிய கார்களுக்கு செஸ் இல்லாம 40. மாருதி எஸ்-பிரெஸ்ஸோ ஆரம்ப விலை மூணரை லட்சத்துக்கு வந்துச்சு. நவராத்திரி முதல் நாளும் அதுவே. அன்னைக்கு ஒரே நாள்ல 30,000 கார் டெலிவரி கொடுத்ததா மாருதி சொல்லிச்சு. அந்தப் பண்டிகை சீசனோட 42 நாள்ல பைக், கார் எல்லாம் சேர்த்து 52 லட்சத்துக்கும் மேல வித்து ரெக்கார்டுன்னு ஃபாடா அறிவிச்சது.

கேட்கற வேரியன்ட், கேட்கற கலர் கிடைக்காத நிலைமை வந்தா, பழைய பேக்கேஜ் வித்தையும் கூடவே வரும். வரி குறைஞ்சு மிச்சமான காசு நம்ம பாக்கெட்டுல இருக்குன்னு அவங்களுக்கும் தெரியுமே. எக்ஸ்-ஷோரூம் விலை குறைஞ்சதை நாம டிவியில பார்த்துட்டுப் போறோம். அதுக்கும் ஆன்-ரோடு விலைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியும் அதே அளவுக்குக் குறைஞ்சதான்னு யாரும் பார்க்கறதில்லை.

எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர் தறிக்காரர். ரெண்டு பட்டுத் தறி. பையன் ஒரகடத்துல கம்பெனி வேலை. வரி குறைஞ்சதும் முதல் காருக்கு ஆசைப்பட்டு ஷோரூம் போயிட்டு வந்தாங்க. சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அந்தக் கொட்டேஷனை நீட்டினாங்க. ‘இந்த வெள்ளை கலர் ஒண்ணுதான் இருக்காம் மாமா, நாளைக்குள்ள சொல்லணுமாம்’னு பையன் அவசரப்பட்டான்.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். புடவையில கோர்வை சரியா விழுந்திருக்கான்னு பார்க்கற மாதிரி ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து ‘லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் 9,500’ங்கற வரியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டார். ‘ஸ்டார்ட்டர் கிட்’டுக்கு ஒரு வட்டம். இன்ஷூரன்ஸுக்கு ஒரு கேள்விக்குறி.

“முகூர்த்த மாசத்துல பட்டுக்குத் தட்டுப்பாடு வருது. அப்போ நான் ‘நாலு வேட்டி சேர்த்து எடுத்தாதான் கல்யாணப் புடவை’ன்னு சொன்னா, நீ என்னடா சொல்லுவ?”

பையன் சிரிச்சான். “வேற கடைக்குப் போவேன் மாமா.”

“போன் எங்க? எடு. எனக்கு டைப் பண்ணத் தெரியாது, நான் சொல்றதை நீ அடி. ‘இந்த மூணும் இல்லாம எவ்வளவு, எப்போ டெலிவரி, எழுதி அனுப்புங்க’ன்னு கேளு.”

மெசேஜ் போச்சு. ரெண்டு டிக் விழுந்துச்சு. நீலமாகறதுக்கு மூணு பேரும் போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க.